நாலு மணிக்கு மேல் பார்த்த முகங்கள்

தங்கைக்கு வயது ஐம்பத்து மூன்று. அந்த வயதில் ஒருத்தியைத் தங்கை என்று சொன்னால் சிரிப்பு வரும்தான். ஆனால் வீட்டில் ஓர் அக்கா இருக்கிறவரை தங்கை தங்கைதான். தலை நரைத்தாலும் அந்தப் பதவியிலிருந்து உயர்வு கிடையாது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் போனில் யாரிடமோ "ஆமா, தங்கச்சிதான் பேசுறேன்" என்று அவள் சொன்னது அறை முழுக்கக் கேட்டுவிட்டது. அன்றிலிருந்து அலுவலகத்திலும் அவள் தங்கச்சிம்மா ஆகிவிட்டாள்.

வேலை, முகங்களுக்குப் பெயர் போடுவது. திரையில் ஒரு முகம் வரும், எட்டு விநாடி ஓடும், சத்தம் இருக்காது. கீழே எட்டுப் பொத்தான்கள் இருக்கும். மகிழ்ச்சி, வருத்தம், கோபம், பயம், ஆச்சரியம், அருவருப்பு, வலி, கடைசியில் ஒன்றுமில்லை. பார்த்துவிட்டு ஒன்றை அழுத்தினால் அடுத்த முகம் வந்து நிற்கும். எல்லாம் ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்களின் முகங்கள், அனுமதி வாங்கி எடுத்தவை. வாய்விட்டுச் சொல்ல முடியாத நோயாளிக்கு வலி வந்தால், கட்டிலுக்கு மேல் இருக்கிற கேமரா முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்து நர்சைக் கூப்பிட வேண்டும். அதற்காகக் கம்ப்யூட்டருக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தது. பாடம் சொல்லிக்கொடுக்க மொத்தம் இரண்டே பேர்.

"இருபது லட்சம் கிளிப் இருக்கு. நீங்க ரெண்டு பேரும் இருபதாயிரத்துக்குப் பேர் போட்டாப் போதும், மிச்சத்துக்கு மெஷினே உங்களப் பாத்துப் போட்டுக்கும்" என்று இந்த ஆஸ்பத்திரி வேலை ஆரம்பித்த அன்றே எஞ்சினியர் விளக்கியிருந்தான். முப்பது வயதுப் பையன், பேச்சில் பொறுமைசாலி. "பாலுக்கு உறை ஊத்துற மாதிரிம்மா. ஒரு கரண்டி உறையில ஒரு அண்டா தோயணும். அதனால உறை சரியா இருக்கணும்."

தங்கை தலையாட்டினாள். தான் ஒரு நாள் ஓர் அண்டாப் பாலுக்கு உறையாவோம் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

இன்னொருவர் கண்டக்டர். முப்பத்தோரு வருடம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்துவிட்டு ஓய்வுபெற்றவர். வீட்டில் சும்மா இருக்கச் சொன்னால் மனைவியோடு சண்டை வருகிறது என்று இந்த வேலைக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. முகம் பார்ப்பதில் மனுஷர் கெட்டிக்காரர். அவர் வந்த புதிதில்கூட ஆச்சரியத்துக்கும் பயத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் தங்கை திணறியபோது அவர்தான் சொன்னார். "ரெண்டுலயும் கண்ணு விரியும், புருவம் ஏறும். ஆச்சரியம்னா ரெண்டு புருவமும் தனித்தனியா ஏறி நிக்கும். பயம்னா ஏறினதுக்கப்புறம் ஒண்ணை ஒண்ணு தேடி உள்ள வரும், நடுவுல ரெண்டு கோடு விழும். செக்கிங் ஏறினதும் டிக்கெட் வாங்காதவனைப் பாருங்க, நெத்தியிலயே எழுதியிருக்கும்."

அலுவலகம் ஒரு மாடியறை. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டிடத்தின் சுவர்தான் தெரியும். அதனால் அதை யாரும் திறப்பதில்லை. ஏசி ஒழுகுகிற இடத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளி இருந்தது. அது நிரம்பினால் மணி மூன்று. வாளியைக் கொட்டிவிட்டு வந்து உட்காரும்போதே தங்கைக்குக் கண் எரிய ஆரம்பித்துவிடும். காலையில் வரும் முகங்களோடு அவள் கூடவே போவாள். இந்த ஆளுக்கு என்ன ஆபரேஷனோ, யார் பக்கத்தில் இருக்கிறார்களோ என்று மனசு ஓடும். நாலு மணிக்கு மேல் எல்லா முகமும் ஒரே முகம். நெற்றி, கண், மூக்கு, வாய், அவ்வளவுதான். விரல் தானாகக் கடைசிப் பொத்தானுக்குப் போகும். "நாலு மணிக்கு மேல உலகத்துல யாருக்கும் ஒண்ணும் இல்ல" என்று அவளே ஒருநாள் சொல்லி, கண்டக்டரும் சிரித்தார். அப்போது அது நல்ல ஜோக்காகத்தான் இருந்தது.

இருவரும் ஒரே முகத்துக்கு வேறு வேறு பெயர் போட்டால் என்ன செய்வது என்பதற்கும் அங்கே ஒரு விதி உண்டு. சீனியர் போட்டதே நிற்கும். தங்கை சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது, அவள்தான் சீனியர்.

*

அக்கா, குடிநீர் அலுவலகத்தில் புகார் வாங்குகிற மேசையில் இருபத்தெட்டு வருடம் உட்கார்ந்தவள். ஊரில் பாதிப் பேருக்கு அவளைத் தெரியும். பாதிப் பேருக்கு அவள் மேல் கோபம். எதைக் கேட்டாலும் முதலில் "முடியாது" என்பாள். அப்புறம் யோசித்து, "நாளைக்கு வாங்க" என்பாள். வீட்டிலும் அப்படித்தான். கல்யாணம் செய்துகொள் என்றார்கள், முடியாது. கணவனை இழந்த தங்கை வேறு வீடு பார்த்துக்கொள்கிறேன் என்றாள், அதுவும் முடியாது, இங்கேயே இரு. அவள் முடியாது என்று சொன்னதால்தான் தங்கைக்கு ஒரு வீடு இருந்தது.

போன வருடம் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று. போனதில் ஒரே ஒரு சொல் மட்டும் எப்படியோ தப்பித்தது. அது "சரி". வாழ்நாளில் எதற்கும் சரி சொல்லாதவளுக்குக் கடவுள் பார்த்துப் பார்த்து அந்தச் சொல்லை மிச்சம் வைத்திருந்தார். தண்ணீர் வேண்டுமா என்றாலும் சரி, வேண்டாமா என்றாலும் சரி. வலிக்கிறதா என்றால் சரி. வலிக்கவில்லையா என்றாலும் அதே சரி. அவள் சொல்வதை நம்பாதீர்கள், முகத்தைப் பாருங்கள் என்றார் டாக்டர். வாய் வலப்பக்கம் தொங்கினாலும் நெற்றிக்கும் கண்ணுக்கும் சேதமில்லை.

முகத்தைப் பார்ப்பதா? அது தங்கைக்குச் சொல்லித்தர வேண்டிய விஷயமா என்ன? அதுதானே அவள் தொழில்.

பகலில் அக்காவைப் பார்த்துக்கொள்ள ஓர் அம்மாள் வருவாள். அக்காவைவிட நாலைந்து வயது குறைவுதான், முட்டிவலிக்காரி. பகலில் வருவதால் பகலம்மா என்று பெயர் நின்றுவிட்டது. தங்கை காலை ஏழரைக்கு, அக்கா எழுந்திருப்பதற்கு முன்னால் வீட்டை விட்டுக் கிளம்புவாள். மாலை ஐந்தரைக்குத் திரும்புவாள். ஆறு மணிக்குக் கைப் பயிற்சி. விழுந்துபோன வலது கையைப் பிடித்து, முன்பக்கமாக இருபது தடவை தோள் உயரத்துக்குத் தூக்கி இறக்க வேண்டும். செய்யாவிட்டால் மூட்டு இறுகிவிடும், வலித்தால் உடனே நிறுத்திவிட்டு என்னிடம் வாருங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நாலு மாதமாகத் தங்கை ஒருநாள்கூட விட்டதில்லை. உடம்பு அடித்துப்போட்ட மாதிரி இருந்தாலும், பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து கால் வீங்கியிருந்தாலும், ஆறு மணி அடித்தால் கையைத் தூக்கிவிடுவாள். தூக்கும்போது அக்காவின் முகத்தையும் ஒரு பார்வை பார்ப்பாள். பிறகு நோட்டில் எழுதுவாள்.

அந்த நோட்டைத்தான் மாதம் ஒருமுறை டாக்டர் பார்ப்பார். மலம், சிறுநீர், சாப்பாடு, தூக்கம், வலி என்று கட்டங்கள். பகலில் பகலம்மா எழுதுவாள், மாலையில் தங்கை. வலி என்ற கட்டத்தில்தான் இருவருக்கும் ஒத்துப்போகாது. பகலம்மா, ஒவ்வொரு எழுத்தையும் தனியாக வரைந்து, 'கை தொட்டா முகம் சுளிக்கிறாங்க' என்று எழுதியிருப்பாள். சட்டை மாற்றியபோது சுளித்தாள், திருப்பிப் படுக்க வைத்தபோது சுளித்தாள். அதற்குக் கீழே தங்கையின் நீல மையில் ஒரே சொல் இருக்கும். 'சாதாரணம்.'

போன மாதம் டாக்டர் இரண்டையும் பார்த்துவிட்டு, "எதை நம்புறது?" என்று கேட்டார்.

"அந்தம்மா எதையும் கொஞ்சம் பெருசு பண்ணும் சார். முட்டிவலி, தூக்கிவிடச் சிரமம். நான் தினமும் முகத்தைப் பார்த்துத்தான் எழுதுறேன். எனக்கு அதுதான் வேலையே" என்றாள் தங்கை.

டாக்டர் அவள் பேச்சை ஏற்றுக்கொண்டார். வலி இல்லையென்றால், வருகிற வெள்ளிக்கிழமை பார்த்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போகலாம், மேலே கப்பி மாட்டிக் கயிற்றில் கையைக் கட்டித் தலைக்கு மேல் இழுக்கிற பயிற்சி என்றார். வலி இருந்தால் மட்டும் அது கூடவே கூடாது, தோள் கெட்டுப்போகும் என்றும் சொன்னார். தங்கை கப்பி விற்கிற கடையைக்கூட விசாரித்து வைத்துவிட்டாள்.

இத்தனை அலுப்பிலும் அவளுக்கு ஒரே ஆறுதல், மாலையில் கதவைத் திறக்கிற அந்த ஒரு நிமிஷம். சாவிச் சத்தம் கேட்டதும் அக்கா திரும்புவாள். கண் இரண்டும் பெரிதாக விரியும், புருவம் மேலே ஏறும். "பார்த்தீங்களா, தங்கச்சி வந்துட்டான்னு எவ்வளவு சந்தோஷம்!" என்று தங்கை செருப்பைக் கழற்றிக்கொண்டே சொல்வாள். பகலம்மா பையை எடுத்துக்கொண்டு கிளம்புவாள். ஒரு நாளில் தன்னைப் பார்த்து யாராவது மலர்கிற நேரம் அது ஒன்றுதான் என்று தங்கை நினைத்திருந்தாள். அதற்காகவே இரண்டு பஸ் மாறி வருவது அவளுக்குக் கஷ்டமாகத் தெரிந்ததில்லை.

*

புதன்கிழமை பதினொன்றரைக்கு எஞ்சினியர் இருவரையும் தன் மேசைக்குக் கூப்பிட்டான். முகம் வாடியிருந்தது. கண்டக்டர் தங்கையின் காதில், "வருத்தம், கொஞ்சம் பயமும் கலந்திருக்கு" என்றார்.

மெஷினை ஆஸ்பத்திரி வார்டில் மூன்று நாள் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். பதினான்கு கட்டில்கள். மூன்று நாளில் அது ஒரே ஒரு தடவைதான் நர்சைக் கூப்பிட்டதாம், அதுவும் ஒருவர் தும்மியபோது.

"மத்தவங்களுக்கெல்லாம்?" என்றாள் தங்கை.

"ஒன்றுமில்லை." எஞ்சினியர் திரையைத் திருப்பினான். வரிசையாகப் பதினான்கு முகங்கள், எல்லாவற்றின் கீழும் அதே பெயர். "அதுல ஒருத்தருக்கு இடுப்பு உடைஞ்சிருக்கும்மா. நர்ஸ் திருப்பிப் படுக்க வைக்கும்போது பல்லைக் கடிக்கிறார். நமக்கே தெரியுது. மெஷின் ஒண்ணுமில்லைங்குது."

"மெஷின் மக்கு" என்றார் கண்டக்டர்.

"மக்கு இல்ல சார். சொல்லிக்கொடுத்தத அப்படியே படிச்சிருக்கு." எஞ்சினியர் சங்கடத்தோடு நெற்றியைத் தேய்த்தான். "உங்க கிட்ட ஒண்ணு சொல்லாம செஞ்சேன், தப்பா எடுத்துக்காதீங்க. நடுநடுவுல நாற்பது கிளிப்பை ரெண்டு தடவை வர வெச்சேன். ஒரே முகத்துக்கு ரெண்டு தடவையும் ஒரே பேரைப் போடுறீங்களான்னு பாக்க. எல்லா எடத்துலயும் செய்வாங்க. அதுல இருபத்தாறு, ஒரு தடவை காலையில வந்திருக்கு, இன்னொரு தடவை நாலு மணிக்கு மேல."

அவன் ஒரு பொத்தானைத் தட்டினான். திரையில் ஒரு மூதாட்டியின் முகம் ஓடியது. புருவம் இறங்கியது, கண்ணோரம் இறுகியது, மூக்கின் பக்கம் சுருங்கியது. எட்டு விநாடி. அதே முகம் பக்கத்திலேயே இன்னொரு தடவை ஓடியது. முதலாவதின் கீழே தங்கையின் பெயரில் 'வலி, காலை 10.20' என்று இருந்தது. இரண்டாவதின் கீழே அதே தங்கையின் பெயரில் 'ஒன்றுமில்லை, மாலை 4.40'.

தங்கைக்கு அந்த முகத்தைப் பார்த்ததாகவே நினைவில்லை. ஒரு தடவை பார்த்த நினைவும் இல்லை, இரண்டு தடவை பார்த்த நினைவும் இல்லை.

"இருபத்தாறுல பத்தொன்பது இப்படித்தான் இருக்கும்மா. காலையில வலி, இல்ல பயம், இல்ல வருத்தம். சாயங்காலம் எல்லாமே ஒன்றுமில்லை."

"இவருக்கு?"

"கண்டக்டர் சாருக்கு மூணுதான் மாறியிருக்கு. ஆனா சீனியர் போட்டது நிக்கும்னு நாமதான ரூல் வெச்சோம். அதனால சாயங்காலம் அவர் வலின்னு போட்டதெல்லாம் அடிபட்டுப் போச்சு."

தங்கை கண்டக்டரைப் பார்த்தாள். "நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"ரூல் அப்படி" என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டே. "ரெண்டு தடவை சொல்லிப் பாத்தேன். 'எனக்குத் தெரியாதா, நீங்க புதுசு'ன்னீங்க. அதுக்கு மேல நான் என்ன சண்டையா போட முடியும்?"

சொன்னது தங்கைக்கு நினைவு வந்தது. காது மடல் வரை சூடேறியது.

எஞ்சினியர் அவசரமாக, "உங்க மேல தப்புன்னு சொல்லலம்மா. ரெண்டு பேரை வெச்சுக்கிட்டு எட்டு மணி நேரம் முகம் பாக்க விட்டது எங்க தப்பு. உங்க அசதியையும் சேத்து மெஷின் படிச்சிருச்சு, அவ்வளவுதான். நாலு மணிக்கு மேல நீங்க போட்டதை மட்டும் எடுத்துடுறேன். காலையில நீங்க போட்டதை அப்படியே வெச்சுக்கலாம், அதெல்லாம் பிரமாதமா இருக்கு" என்றான்.

"இருக்கிறதே கொஞ்சம். அதுலயும் எடுத்துட்டா?"

"கொஞ்சம்தான் இருக்கும். என்ன செய்யறது, புளிச்ச உறை ஒரு சொட்டு கலந்தாலும் அண்டா முழுக்கப் புளிக்குதே."

தங்கை அந்த இரண்டு முகங்களையும் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு கேட்டாள். "தம்பி, ஒருத்தர் போட்டது எல்லாமே நாலு மணிக்கு மேலதான்னா? காலையில போட்டதே ஒண்ணுகூட இல்லைன்னா?"

"அப்ப எதையும் வெச்சுக்க முடியாது" என்றான் அவன். "ஏம்மா, அப்படி யாரு இருக்கா?"

ஆறு மணி, ஆறு மணி, ஆறு மணி. நாலு மாதமாக அந்த நோட்டில் அவள் எழுதியதெல்லாம் ஆறு மணிக்கு எழுதியது. வாரத்தில் ஆறு நாள், காலையில் அவள் கிளம்பும்போது அக்கா தூங்கிக்கொண்டிருப்பாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் துவைக்கவும் குளிப்பாட்டவும் கையைப் பார்ப்பாளா, முதுகைப் பார்ப்பாளா, முகத்தைப் பார்க்க எங்கே நேரம்? யாருக்கும் ஒன்றுமில்லாத கண்ணோடுதான் அக்காவைத் தினமும் பார்த்திருக்கிறாள். பகல் வெளிச்சத்தில் பார்த்து எழுதியவளை முட்டிவலிக்காரி என்று சொல்லி வாயடைத்திருக்கிறாள். ஊர்பேர் தெரியாத முகங்களுக்குப் பிரமாதமான காலைகளைக் கொடுத்துவிட்டு, கூடப்பிறந்தவளுக்கு மிச்சத்தைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள்.

"எனக்கு அரை நாள் லீவு வேணும்" என்றாள்.

"உடம்பு சரியில்லையா?" என்றார் கண்டக்டர்.

"வீட்டுல ஒரு முகம் பார்க்கணும்."

*

மதியப் பஸ் காலியாக இருந்தது. உட்கார இடம் கிடைத்தும் அவளுக்கு உட்காரத் தோன்றவில்லை. இரண்டாவது பஸ் வரத் தாமதமாகி, தெருமுனையில் இறங்கும்போது மணி இரண்டேகால். நடந்துபோகும்போது மனதுக்குள் தன்னையே சமாதானப்படுத்திப் பார்த்தாள். ஒருவேளை வலி இருக்காது. ஒருவேளை பகலம்மா பெருசுபடுத்துகிறவளாகவே இருக்கலாம். டாக்டரே நம்பினாரே. ஆனால் டாக்டர் நம்பியது இவள் பேச்சைத்தானே என்று உடனே தோன்றி, அந்தச் சமாதானமும் போயிற்று.

சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தாள்.

ஜன்னலோர நாற்காலியில் அக்கா உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தாள். பகலம்மா கீழே காலை நீட்டி உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். அக்காவின் முகம் தளர்ந்து, நெற்றி வழவழவென்று, நிம்மதியாக இருந்தது. இப்படி ஒரு முகம் அக்காவுக்கு இன்னும் இருக்கிறது என்பதே தங்கைக்குத் தெரியாது.

கதவுச் சத்தத்துக்கு அக்கா திரும்பினாள். முதலில் அவள் தங்கையைப் பார்க்கவில்லை, சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகுதான் தங்கையைப் பார்த்தாள். கண் விரிந்தது. புருவம் ஏறியது. தினமும் பார்க்கிற அதே முகம், இரண்டு பஸ் மாறி வந்து பார்க்கிற முகம்.

தங்கை ஒரு செருப்பைக் கழற்றியபடி அப்படியே நின்றாள். வேலையில் பார்க்கிற மாதிரி பார்த்தாள். நெற்றியிலிருந்து ஆரம்பித்துக் கீழே வந்தாள். ஏறின புருவம் இரண்டும் ஒன்றை ஒன்று தேடி உள்ளே வந்தன. நடுவில் இரண்டு கோடு விழுந்தது. கீழ் இமை இறுகியது. நல்ல கையான இடது கை மெதுவாக மார்பைக் கடந்துபோய் வலது தோளைப் பொத்திக்கொண்டது.

எட்டு விநாடிகூட வேண்டியிருக்கவில்லை. காலை பத்து மணிக்கு இந்த முகம் திரையில் வந்திருந்தால் முதல் விநாடியிலேயே அழுத்தியிருப்பாள்.

பயம்.

"என்னம்மா, இவ்வளவு சீக்கிரம்?" என்று பகலம்மா எழுந்திருக்கப் பார்த்தாள்.

"உட்காருங்க, உட்காருங்க." தங்கை அக்காவிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நான் வரும்போது அக்கா எப்பவும் இப்படித்தான் இருப்பாளா? தோளைப் பொத்திக்கிட்டு?"

பகலம்மா மடித்த துணியைக் கீழே வைத்தாள். "அஞ்சு மணியானாக் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பிச்சுருவாங்க. சாவிச் சத்தம் கேட்டதும் கை தோளுக்குப் போயிரும். நீங்க சந்தோஷம்னு சொல்லுவீங்க. நான் அதுக்கு என்னத்தச் சொல்றது?"

"சொல்லியிருக்கலாமே."

"நோட்டுல எழுதியிருக்கேனே" என்றாள் பகலம்மா. "நீங்க படிக்கிறீங்கன்னு நெனச்சேன்."

அவள் குரலில் குற்றம்சாட்டுகிற தொனிகூட இல்லை. அது இருந்திருந்தால் தங்கைக்குத் தாங்கிக்கொள்ளச் சுலபமாக இருந்திருக்கும். செருப்பை விட்டுவிட்டு அக்காவின் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். வெட்கமாக இருந்தது, தாங்க முடியாத வெட்கம். கேட்டுப் பயனில்லை என்று தெரிந்தும் கேட்டாள்.

"அக்கா, நான் கையைத் தூக்கினா வலிக்குதா?"

"சரி" என்றாள் அக்கா.

"இத்தனை நாளும் வலிச்சுதா?"

"சரி."

தங்கை அந்தச் சொல்லை விட்டுவிட்டாள். கையைத் தொடவில்லை. தொட்டுப் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும் என்ற கட்டம் தாண்டியாயிற்று. தன் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டி, மடியில் வைத்துக்கொண்டாள்.

"இன்னைக்குக் கை தூக்குறது கிடையாது. நாளைக்கும் கிடையாது. டாக்டர்கிட்ட நானே சொல்லிடுறேன். கேட்டுச்சா? கிடையாது."

முதலில் ஒன்றும் மாறவில்லை. தங்கை அவசரப்படாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு நெற்றியில் இருந்த இரண்டு கோட்டில் ஒன்று போயிற்று. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்றும் போயிற்று. இமை தளர்ந்தது. தோளைப் பிடித்திருந்த கை வழுக்கிக்கொண்டு மடிக்கு இறங்கியது.

"சரி" என்றாள் அக்கா.

அலமாரியின் மேலிருந்து நோட்டை எடுத்துவந்து தங்கை கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். வலி என்ற கட்டத்தில், 'உண்டு. வலது தோள். நாலு மாதமாக' என்று எழுதினாள். பயத்துக்கு அந்த நோட்டில் கட்டம் இல்லை. ஓரத்தில் கோடு இழுத்துப் புதிதாக ஒரு கட்டம் போட்டு, 'தங்கையைக் கண்டால்' என்று எழுதினாள். வெள்ளிக்கிழமை டாக்டர் படிப்பார். படிக்கட்டும்.

அதன் பிறகு பக்கங்களைப் பின்னாலிருந்து முன்னால் புரட்ட ஆரம்பித்தாள். நேற்றைய 'சாதாரண'த்தை அடித்தாள். முந்தாநாள் எழுதியதை அடித்தாள். போன வாரம், அதற்கு முந்தின வாரம், போன மாதம். பகலம்மாவின் எழுத்தில் கை வைக்கவில்லை, அதை மட்டும் விட்டுவிட்டுத் தன்னுடையதை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போனாள். ஒவ்வொரு வரியையும் அடிக்கும் முன்னால், மேலே பகலம்மா என்ன எழுதியிருக்கிறாள் என்று இப்போதாவது படித்தாள். 'கை தொட்டா சுளிக்கிறாங்க.' 'ராத்திரி தூங்கலை போல, கண்ணு சிவந்திருக்கு.' 'சாயங்காலம் சாப்பிட மாட்டேங்கிறாங்க.' 'கடிகாரம் பாக்குறாங்க.' படித்துப் படித்து அடித்ததில் நேரம் போனதே தெரியவில்லை. நடுவில் பகலம்மா இரண்டு தடவை டீ போட்டுக் கொடுத்தாள், ஒன்று ஆறிப்போயிற்று.

நாலு மாதமும் முடிந்து அவள் பேனாவை மூடும்போது, கடிகாரம் ஆறு அடித்தது. பகலம்மா பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள், ஆனால் இறங்கிப் போகாமல் அங்கேயே நின்றாள்.

அக்கா கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு தங்கையைப் பார்த்தாள். இடது கை மடியிலிருந்து மெல்லக் கிளம்பியது.

தங்கை தன் கைகளை மடியிலேயே வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.